கணக்கில் வராத கோல்கள்

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த வங்கிக் கிளையில், ரெக்கார்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஹாக்கி மட்டை சாத்தியிருக்கும். சாயங்காலம் ஷட்டரை இறக்குகிற நேரத்தில் பியூன் அதன் வளைந்த நுனியைக் கைப்பிடியில் மாட்டி ஒரு இழுப்பு இழுப்பார். இதற்கென்று இருந்த கொக்கிக் கம்பி தொலைந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். மட்டையின் பிடியில் சுற்றியிருந்த நாடா கறுத்து, கைபட்டுக் கைபட்டு மெழுகுபோல ஆகியிருந்தது. பியூன் வராத நாட்களில் நானும் அதைக்கொண்டு இழுத்திருக்கிறேன். எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாத சாமான்கள் வங்கிகளில் நிறைய உண்டு. ஓடாத கடிகாரம், சாவியில்லாத பூட்டு, யாரோ ஒரு பழைய மானேஜரின் குடை. ஆகவே நான் விசாரிக்கவில்லை. அது கேஷ் கவுண்டரில் இருந்த அண்ணாச்சியுடையது என்று தெரியவர எட்டு மாதம் ஆயிற்று.

"வீட்ல பரண்ல கெடந்துது. இங்கனயாவது ஒரு சோலி பாக்கட்டும்னு கொண்டாந்து போட்டேன்" என்றார்.

அண்ணாச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் மட்டை பிடிக்கத் தெரியாத பையன், நீச்சல் தெரியாத குளச்சல்காரன் மாதிரி. 80களின் தொடக்கத்தில் வங்கியின் ஹாக்கி அணிக்கென்று எடுக்கப்பட்டார். பெயருக்குச் சென்னையில் ஒரு கிளையில் கிளார்க். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம். ஃபுல் பேக் ஆடினார். பன்னிரண்டு வருஷம். பிறகு வலது முழங்கால் போயிற்று. போனதும், சம்பளப் பட்டியலில் எந்த வேலைக்காரர் என்று அவரை எழுதியிருந்ததோ அந்த வேலைக்கே வங்கி அவரைத் திருப்பி அனுப்பியது. சட்டப்படி இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முப்பத்தைந்தாவது வயதில், தன்னைவிடப் பத்து வயது இளையவர்களிடம் டெபிட் எது கிரெடிட் எது என்று கேட்டுக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்ற சொல் அவருக்கு முன்பாகவே ஒவ்வொரு கிளைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நானும் அந்தச் சொல்லைச் சொன்னவன்தான். ஒருநாள் கேஷில் 2,000 ரூபாய் இடித்தது. கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு அன்று மாலை ஒரு கூட்டம். நவீன கவிதையில் படிமத்தின் இடம் பற்றிப் பேச வேண்டும். பொறுமையிழந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம், "கோல் போஸ்ட்டுக்கு முன்னால நிக்க வேண்டியவங்கள கேஷ்ல கொண்டு வச்சா இப்படித்தான்" என்றேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி ஏறிட்டுப் பார்க்கவில்லை. நோட்டுக் கட்டுகளை அவிழ்த்து மறுபடி எண்ணினார். கடைசியில் பிசகு என்னுடைய வவுச்சரில் இருந்தது. 4,700 என்பதை 6,700 என்று பதிந்திருந்தேன். கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

மறுநாள் டீக்கடையில் மன்னிப்புக் கேட்கப்போய் நான் வார்த்தைக்குத் தடுமாறியபோது அவரே முந்திக்கொண்டார். "அதுல என்ன வே. ஃபுல் பேக் கோல் போஸ்ட்டுக்கு முன்னாலதான் நிப்பான். சரியாத்தான் சொன்னீரு." பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "நான் ஒருக்க தன்ராஜுக்கு எதுக்க ஆடியிருக்கேன், தெரியுமா?" என்றார். அவர் அதை மேற்கொண்டு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெயர் மட்டும் என்னோடு வந்தது.

தன்ராஜ் பிள்ளையைப் பற்றி எனக்கு இருந்ததெல்லாம் செய்தித்தாள் அறிவு. நீண்ட முடி, கோபம், அழுகை. பிள்ளை என்ற பெயரைக் கேட்டால் நாஞ்சில் நாட்டில் 'எந்த ஊரு, யாருக்க மவன்' என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பூதப்பாண்டியில் சொந்தம் இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவர் சத்தியமே செய்தார். உண்மையில் அவர் 1968 ஜூலையில் புனேயை ஒட்டிய கட்கியில், தமிழ் பேசும் வீட்டில், நான்காவது மகனாகப் பிறந்தவர். தகப்பனார் நாகலிங்கம் பிள்ளை அங்குள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். தாயார் ஆண்டாளம்மா. புது மட்டை வாங்க வழியில்லாமல், உடைந்து எறிந்த மட்டைகளைக் கயிறு சுற்றி ஒட்டவைத்து ஆடிய பையன்கள். அண்ணன் ரமேஷ் பம்பாய்க்கு ஆடப் போக, தம்பியும் பின்னால் போனார். மகிந்திரா அணி, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ். 1989-இல் டெல்லி ஆசியக் கோப்பையில் தொடங்கி 2004 ஏதென்ஸ் வரை இந்தியாவுக்கு ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் டிராபி. 1994 சிட்னி உலகக் கோப்பைக்குப் பின் அறிவித்த உலக அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர்.

மொத்தம் 339 சர்வதேச ஆட்டங்கள். கோல்கள் எத்தனை? இங்கேதான் ஒரு வங்கி கிளார்க்காக எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 170-க்கு மேல் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அதிகாரபூர்வமாக எழுதி வைத்த கணக்கு இல்லை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் கோல்களை எண்ணி வைக்க வேண்டும் என்று அந்த நாளைய சம்மேளனத்துக்குத் தோன்றியிருக்கவில்லை. எங்கள் வங்கியில் ஐந்து வருஷமாகக் கைபடாத சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 63 ரூபாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் ஐஸ் ஹாக்கிக்காரர் வேய்ன் கிரெட்ஸ்கி தன் லீக்கில் 894 கோல்கள் அடித்தார் என்பதை அந்த நாட்டுக் குழந்தைகள் வாய்ப்பாடு போலச் சொல்லும். 2025 ஏப்ரலில் அலெக்ஸாந்தர் ஒவெச்கின் என்ற ரஷ்யர் 895-ஆவதை அடித்தபோது ஆட்டத்தையே நிறுத்திவைத்துக் கொண்டாடினார்கள். கோலின் மதிப்பைப் பற்றி அல்ல, பதிவைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவனுடைய வேலையை எண்ணி எழுதுகிறவன்தான் அதற்கு விலை தரவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறான். எண்ணாமல் விடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. கேப்டன் தன்ராஜ். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டம் டை-பிரேக்கர் வரை போய், 32 வருஷத்துக்குப் பின் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. ஊர் திரும்பிய அணிக்கு வரவேற்பு சரியில்லை, ஆட்டத்துக்கான பணம் சேரவில்லை என்று ஆட்டக்காரர்கள் பேசினார்கள். போட்டிக்கு முன்பே வெளிநாட்டுப் பயணப்படி போதாது என்று தன்ராஜ் சண்டை போட்டிருந்தார். அடுத்த அணியை அறிவித்தபோது அவரும் மூத்த ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் இல்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றது சம்மேளனம். பணம் கேட்டதற்கான தண்டனை என்று பத்திரிகைகள் எழுதின. தங்கம் வாங்கிய கேப்டனுக்குக் கேட்காமலே கிடைத்த ஓய்வு.

அவர் திரும்ப வந்தார். வராமல் இருந்திருந்தால் 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் அந்தப் போலந்து ஆட்டத்தை அவர் பார்க்க நேர்ந்திராது. வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனது ஞாபகம் இருக்கிறது. அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் வாசுதேவன் பாஸ்கரன்; 1980 மாஸ்கோவில் கேப்டனாகத் தங்கம் வாங்கிய தமிழர். ஒரே தோல்விக்குக் கரையில் ஒரு தமிழரும் களத்தில் ஒரு தமிழரும் நின்றார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை வைத்துப் பெருமைப்படவோ வருத்தப்படவோ என்ன இருக்கிறதென்று இன்றும் தெரியவில்லை.

ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிற ஆட்டக்காரராகத் தன்ராஜ் வாழ்ந்தது பெரும்பாலும் வெளிநாடுகளில்தான். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், வங்கதேசத்தில் அபஹானி, மலேசியாவில் இரண்டு அணிகள். அந்த ஊர்களில் அவர் தொழில் ஹாக்கி. இங்கே வந்தால் அவர் விமானக் கம்பெனி உத்தியோகஸ்தர். ஹாக்கி தேச சேவை. நம்முடைய அண்ணாச்சியும் அப்படித்தான், மிகச் சிறிய அளவில். தொழில் கிளார்க், ஹாக்கி வங்கிக்குச் செய்கிற மரியாதை.

இந்த ஏற்பாடு நாம் மட்டும் கண்டுபிடித்தது இல்லை என்று எனக்குக் காட்டியது ஒரு ஐஸ் ஹாக்கிப் புத்தகம். திருவனந்தபுரத்தில் ஒரு நடைபாதைக் கடையில் கிடைத்தது. கென் டிரைடன் எழுதிய 'தி கேம்', 1983-இல் வந்தது. பனிக்கட்டியை ஷர்பத்தில் மட்டும் பார்த்திருக்கிற ஊர்க்காரன் அதை ஏன் வாங்கினான் என்றால், மான்ட்ரியால் என்ற பெயருக்காக. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கியை முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஆடினார்கள். இந்தியா ஏழாவதாக வந்தது. அதற்குமுன் ஆடிய ஒரு ஒலிம்பிக்கிலும் பதக்கமில்லாமல் திரும்பியதில்லை. அண்ணாச்சி தலைமுறைக்கு அது ஒரு இழவு வீட்டின் பெயர். அதே ஊரில் அதே வருஷம் இன்னொரு ஹாக்கியில் கோப்பை வென்ற அணிக்கு டிரைடன் கோல்கீப்பர். எட்டு வருஷம் ஆடி ஆறு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றவர். ஆட்டம் எதிர்முனையில் நடக்கும்போது மட்டையை நட்டு, அதன்மேல் கைகளைக் கோத்து, முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்பார். அந்தப் படம் பிரசித்தம். எங்கள் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நிற்கிறவர்களுக்கு அந்த நிலை தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. 1973-இல், புகழின் உச்சியில் இருக்கும்போது, தனக்குத் தருகிற சம்பளம் தன் வேலைக்குரியது அல்ல என்று சொல்லிவிட்டு டிரைடன் ஒரு வருஷம் ஆடாமல் இருந்தார். அந்த வருஷம் டொரான்டோவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில், சட்டம் படித்தவர்கள் பயிற்சிக்குச் சேர்கிற இடத்தில், சொற்பச் சம்பளத்துக்குக் கிளார்க் வேலை மாதிரி ஒரு வேலை பார்த்தார். அடுத்த வருஷம் திரும்பிப் போய் நான்கு கோப்பைகள். 31 வயதில் போதும் என்று நிறுத்திக்கொண்டார். எழுதினார், பாராளுமன்றத்துக்குப் போனார், மந்திரியானார். 2025 செப்டம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கோப்பைகள் அல்ல, அந்தக் கிளார்க் வருஷம். அண்ணாச்சிக்குக் கிளார்க் வேலை தண்டனை. டிரைடனுக்கு அது ஒரு மிரட்டல். 'நான் இதையும் செய்ய முடியும்' என்று சொல்ல முடிகிறவனுக்குத்தான் பேரம் பேச முடிகிறது. அவர் சட்டம் படித்தவர். அண்ணாச்சி பத்தாம் வகுப்போடு மைதானத்துக்குப் போனவர்.

அங்கேயும் கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே என்பவர் 1957-இல் மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். கேட்டது பெரிய விஷயம் இல்லை. எங்கள் ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்பது அதில் ஒன்று. கணக்குக் காட்டு என்று கேட்பதைவிடப் பெரிய அவமரியாதையை முதலாளிகள் அறிந்ததில்லை. அந்த சீசன்தான் அவருடைய வாழ்க்கையிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த சீசன். ஆனாலும் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோ அணிக்கு அவரைத் தள்ளிவிட்டார்கள். அவர் சம்பளம் இவ்வளவு என்று ஒரு பொய்த் தொகையைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். சங்கம் உடைந்தது, பத்து வருஷம் கழித்து 1967-இல்தான் ஒரு சங்கம் நிலைத்தது. 1966-இல் புகழ் மண்டபத்தில் தன்னைச் சேர்க்கும் விழாவுக்கு மனைவி மக்களை அனுமதிக்காததால் லிண்ட்சே போகவே இல்லை. 2010-இல் ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்கிற சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அப்போது அவருக்கு 84 வயது. பாங்காக்கும் டெட்ராய்டும் எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1972-இல் கனடாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சோவியத் அணியோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார்கள். டிரைடனும் ஆடினார். கடைசி ஆட்டத்தில் 34 விநாடி மிச்சமிருக்கையில் விழுந்த கோலால் கனடா தப்பியது. எதிரே ஆடிய சோவியத்காரர்கள் சட்டப்படி அமெச்சூர்கள். அவர்களில் பலர் காகிதத்தில் ராணுவ அதிகாரிகள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் என்றால் அண்ணாச்சிக்குச் சட்டென்று புரிந்தது. "அப்ப அவனும் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான்!" என்று சிரித்தார். சோஷலிசம், தேசியமயமான வங்கி என்று நாம் பெயர் மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஏற்பாடு ஒன்றே. அதில் நியாயமும் உண்டு. முழங்கால் போனபிறகும் அண்ணாச்சிக்கு மாதச் சம்பளம் வந்தது, பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார், இப்போது பென்ஷன் வருகிறது. 1936 பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று முறித்த தியான்சந்த், மேஜராக ஓய்வுபெற்றவர், கடைசிக் காலத்தில் பணமுடையோடு 1979-இல் டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றின் பொது வார்டில் இறந்தார். அவருடைய சுயசரிதை 1952-இல் நம்முடைய சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. அதை நினைத்தால் அண்ணாச்சியின் கேஷ் கவுண்டர் மோசமான இடம் அல்ல. ஆனால் பன்னிரண்டு வருஷ ஆட்டத்துக்கு என்ன விலை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நான் வேலையில் சேர்ந்த வருஷம் ஹாக்கி இந்தியா லீக்குக்காக ஆட்டக்காரர்களை முதல்முறையாக ஏலம் விட்டார்கள். சர்தார் சிங் 78,000 டாலருக்குப் போனார். எங்கள் கிளையில் மீட்காத நகைகளை ஏலம் விடுகிற நாளில் ஒரு துக்கம் வந்து கவிந்துகொள்ளும். யாருடைய தாலிச் சங்கிலியோ தராசில் கிடக்கும். அந்த ஞாபகத்தில் நான், "மனுஷனையே ஏலம் போடுறான் அண்ணாச்சி" என்றேன். என் விமர்சகப் பிரக்ஞை முழுவதும் அந்த வாக்கியத்தில் இருந்தது. அவர், "ஏலத்துலயாவது ஒரு வெல சொல்லுதான்லா. எங்களுக்கு வெலயே சொல்லலயே வே" என்றார். அந்த லீக் 2017-க்குப் பிறகு நின்று, 2024 கடைசியில் மறுபடி தொடங்கியது. ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்குப் போனார். எங்கள் மாவட்டத்திலேயே, தூத்தூரிலிருந்து நீரோடிவரை கடற்கரை நெடுகப் பந்து உதைக்கிற ஊர்களில், இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருக்கிறார். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று கால்பந்தையே தொழிலாகக் கொண்டு போனவர். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க ஆடமுடியாமல் இருந்து, பிறகு திரும்பி வந்தார். அண்ணாச்சி அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். "கால் எல்லாருக்கும் போவும். அவன் காலுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு வெல இருக்கு" என்றார்.

அன்றைக்கோ அதற்கு அடுத்த வாரமோ, என் பையிலிருந்த பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "இதுல எழுதுனா உமக்கு என்ன குடுப்பான்?"

"ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. சந்தா நான்தான் கட்டணும்."

"அப்ப நீரும் நம்ம கேஸ்தானா?" என்றார் சந்தோஷமாக.

இல்லை என்று நான் நீண்ட நேரம் விளக்கினேன். அமெச்சூர் என்ற சொல்லுக்கு மூலத்தில் காதலிப்பவன் என்று அர்த்தம் என்றேன். சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்ததைச் சொன்னேன். பணம் உள்ளே வந்தால் சிருஷ்டி வெளியே போய்விடும் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எங்க செக்ரட்டரியும் இப்படித்தான் வே பேசுவாரு. நல்லா பேசுவாரு" என்றார்.

அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை. தேசம் என்று சொல்லிக் கூலியைக் கேட்காதே என்பவனும், கலை என்று சொல்லிக் கூலியைக் கேட்காதே என்பவனும் ஒரே குரலில் பேசுகிறார்களோ என்ற சந்தேகம். செல்லப்பா சுமந்தது தன் மூட்டையைத் தன் தோளில். அதைப் புராணமாக்கி அடுத்தவன் தோளில் ஏற்றுகிறபோது அது வேறாகிவிடுகிறது. இதை நான் பொதுப்படையாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. சில வருஷங்களுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினேன். தக்கலையில் டி.டி.பி. கடையில் வேலை பார்த்த ஒரு பையன், கவிதையும் எழுதுவான், ஏழு இதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தான். கடை அடைத்தபின் இரவில் உட்கார்ந்து செய்வான். எட்டாவது இதழின்போது, வேப்பமூட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில், தயங்கித் தயங்கி 1,500 ரூபாய் கேட்டான். இதழுக்கு அல்ல, மொத்தமாக. "இது வியாபாரம் இல்ல தம்பி" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அந்த இதழின் தலையங்கத்தில், கூலிக்கு எழுத வருகிறவர்கள் பற்றி ஒரு எள்ளல் வாக்கியம் எழுதி, அதையும் அவனிடமே கொடுத்து அச்சுக் கோக்கச் சொன்னேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் செய்து கொடுத்தான். ஒன்பதாவது இதழுக்கு வரவில்லை. வணிகத்துக்குப் போய்விட்டான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்தக் காலத்தில் நான் காகிதத்துக்கும் தபாலுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு இருக்கிறது. அவன் பெயர் அதில் எங்கும் வராது.

அவன் இப்போது கொச்சியில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எண்ணைத் தேடிப் பிடித்து, போனிலேயே 1,500 ரூபாய் அனுப்பினேன். வட்டி போட வேண்டுமா என்று யோசித்தேன், போடவில்லை. அரைமணி நேரத்தில் 'எதுக்கு அண்ணா?' என்று ஒரு வரி வந்தது. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

அண்ணாச்சி 2018-இல் ஓய்வுபெற்றார். மட்டையை எடுத்துப் போகவில்லை. 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சில மதுரையில் நடந்தபோது, என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். நீலத் தரை, அதில் தண்ணீர் பீய்ச்சியடித்தார்கள். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. ஃபுல் பேக்குகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டி மாரீஸ்வரன் 2022-இல் இந்தியாவுக்கு ஆடியதைப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ஆட்டத்தில், அத்தனை வருஷம் கழித்து, நான் கேட்டேன்.

"தன்ராஜுக்கு எதுக்க ஆடினேன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"எட்டு தடவ என் பக்கமா வந்தான். ஏழு தடவ போயிட்டான்."

"எட்டாவது?"

வேட்டியைச் சற்று உயர்த்தி வலது முழங்காலை நீவிக்கொண்டார். "எடுத்துட்டேன் வே. சுத்தமா. கால்ல படாம, மட்டையில படாம, பந்த மட்டும். அவனே திரும்பிப் பாத்தான்."

"யாராவது எழுதி வச்சிருப்பாங்களா?"

"நீரு எழுதும்" என்றார். மறுபாதி தொடங்கிவிட்டது.